பல்லும் பவுணும்: பிரித்தானியப் பற்சிகிச்சை – ஒரு வரலாற்று நோக்கு

"என்.எச்.எஸ்ஸா, பிறைவேற்றா?"

பல்வைத்தியரின் நிலையத்துள் நுழைந்ததும் வரவேற்பு மேசையிலிருந்து எழும் இந்தக் கேள்வியின் முன் ஒரு கணமேனும் தடுமாறி நிற்காத தமிழர் இந்த நாட்டில் மிகச் சிலராகவே இருப்பர். காய்ச்சலுக்கோ நெஞ்சுநோவுக்கோ குடும்ப வைத்தியரிடம் செல்பவரை எவரும் இவ்வாறு கேட்பதில்லை. பிள்ளைப்பேற்றுக்குச் சென்ற பெண்ணிடமும் கேட்பதில்லை. நெஞ்சைத் திறந்து இருதய சத்திரசிகிச்சை செய்கின்ற பெரிய வைத்தியசாலைகளிலும் நோயாளியின் பணப்பையை எவரும் விசாரிப்பதில்லை. கடைவாய்ப் பல்லொன்றில் விழுந்த சூத்தையை அடைப்பதற்கு மட்டும் ஏன் இந்தக் கேள்வி? வாயும் உடம்பின் ஓர் உறுப்புத்தானே?

இக்கேள்விக்கு ஒரு பிறந்த நாள் உண்டு. 1951 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 ஆம் நாள் பிரித்தானியப் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்திலே அது பிறந்தது. அதன் பொருட்டு ஓர் அமைச்சர் பதவி துறந்தார். ஓர் ஆளுங்கட்சி இரண்டாகப் பிளவுபட்டு நின்றது. எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அன்றைய தீர்மானத்தின் நிழலிலேயே நாமும் நமது பிள்ளைகளும் பல்வைத்தியரின் கதிரையில் அமர்ந்துகொண்டிருக்கின்றோம்.

குறடு பிடித்தவரெல்லாம் வைத்தியர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியிலும் இங்கிலாந்தில் பல் பிடுங்குவதற்கு எவ்விதக் கல்வித் தகைமையும் வேண்டியிருக்கவில்லை. கொல்லர், நாவிதர், மருந்துக் கடைக்காரர், சந்தைக்குச் சந்தை திரிந்த வித்தைக்காரர் என்று கையில் குறடு வைத்திருந்த எவரும் பிடுங்கினர். செல்வந்தர் மட்டும் தந்தத்தில் செதுக்கிய தட்டில் மனிதப் பற்களைப் பதித்துப் பொய்ப்பல் கட்டிக்கொண்டனர். 1815 இல் வாட்டர்லூப் போர்க்களத்தில் மாண்ட இளம் வீரரின் வாய்களிலிருந்து கழற்றிய பற்கள் அவ்வாறு விற்பனைக்கு வந்தமையால், அவ்வகைப் பற்களுக்கு 'வாட்டர்லூப் பற்கள்' என்றே பெயர் வழங்கலாயிற்று.

1878 இல் முதலாவது பல்வைத்தியர் சட்டம் வந்தது. பதிவு செய்துகொண்டவரே 'பல்வைத்தியர்' என்ற பெயரைப் பயன்படுத்தலாம் என்று அது விதித்தது. ஆயினும் அப்பெயரைப் பலகையில் எழுதாமல் தொழிலை மட்டும் செய்பவரை அது தடுக்கவில்லை. இந்த ஓட்டையை அடைப்பதற்கு மேலும் 43 ஆண்டுகள் சென்றன. 1921 ஆம் ஆண்டுச் சட்டமே பதிவில்லாதோர் தொழில் செய்வதை நிறுத்தியது. அப்போதும், அதற்கு முந்திய ஏழு ஆண்டுகளில் ஐந்தாண்டுகள் தொழில் செய்து வாழ்ந்தவர்களைப் பரீட்சையின்றியே பதிவேட்டில் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அவர்களையும் விலக்கியிருந்தால் ஏழைகளுக்குப் பல் பிடுங்க ஆளே இருந்திராது.

அரசின் கவனத்தை இத்துறையின்பால் திருப்பியது நோயாளியின் வேதனையன்று, போர். தென்னாபிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடைபெற்ற போயர் யுத்தத்தில் ஆயிரக்கணக்கான படையினர் பல்நோயால் சேவைக்கு உதவாதவராயினர். கடித்து உண்ண வேண்டிய இராணுவ பிஸ்கற்றை உண்ணப் பல் இருக்கவில்லை. அதிலிருந்தும் பாடம் கற்கப்படவில்லை போலும். 1914 இல் பிரான்சுக்குச் சென்ற பிரித்தானியப் படையுடன் ஒரு பல்வைத்தியரேனும் செல்லவில்லை. தளபதி டக்ளஸ் ஹெய்க் கடும் பல்லுக்கொதியால் துடித்தபோது பாரிஸ் நகரிலிருந்து ஒருவரை வரவழைத்தனர் என்று சொல்லப்படுவதுண்டு. தளபதியின் பல் வலித்தபின் காரியங்கள் விரைந்தன. 1921 இல் இராணுவத்துக்கெனப் பற்சிகிச்சைப் படையொன்று அமைக்கப்பட்டது.

சாதாரண மக்களின் நிலை வேறு. 1911 ஆம் ஆண்டின் தேசிய காப்புறுதிச் சட்டத்தின் கீழ் இயங்கிய சங்கங்களுள், கையிருப்பில் மிகுதிப் பணம் வைத்திருந்தவை தம் அங்கத்தவரின் பற்சிகிச்சைச் செலவில் ஒரு பங்கை ஏற்கத் தொடங்கின. ஆனால் காப்புறுதி தொழிலாளிக்கே உரியது. அவரது மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் இல்லை. மிகுதிப் பங்கைச் செலுத்த வழியில்லாமல் தொழிலாளரிற் பலரும் அச்சலுகையைப் பயன்படுத்தவில்லை. பல்லைக் காப்பாற்றுவது பணக்காரரின் காரியமாகவும், பிடுங்கி எறிவது ஏழையின் சிக்கனமாகவும் இருந்தன. இருபத்தொரு வயது நிறையும் மகளுக்கோ திருமணத்துக்கு நிற்கும் பெண்ணுக்கோ எல்லாப் பற்களையும் பிடுங்கிப் பொய்ப்பல் கட்டிக் கொடுப்பது சில இடங்களில் பெற்றோர் அளிக்கும் பரிசாகக் கருதப்பட்டது. கணவனுக்குப் பிற்காலத்தில் செலவு வைக்காத மணப்பெண் அவள்! எமது சமூகத்தின் சீதனக் கணக்குகளை நன்கறிந்த எமக்கு இது அவ்வளவு வியப்பளிக்காது. எழுத்தாளர் ஜோர்ஜ் ஓர்வெல், 1937 இல் வெளியான தமது நூலொன்றில், லங்காஷயர் தொழிலாளரிடையே இயற்கைப் பற்களுடன் ஒரு வளர்ந்தவரைக் காண்பதே அரிது என்றும், பற்களை எவ்வளவு விரைவில் தொலைத்து விடுகின்றோமோ அவ்வளவு நல்லது என்று மக்களே கருதினர் என்றும் பதிவு செய்துள்ளார்.

இந்த இருளில் ஒரு சிறு விளக்கு தென் வேல்ஸின் ட்ரெடீகர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் எரிந்தது. அங்குள்ள தொழிலாளர் தமது வாராந்தக் கூலியில் ஒரு சிறு பங்கைச் செலுத்தி நடத்திய மருத்துவ உதவிச் சங்கம், வைத்தியர்களை மட்டுமன்றி ஒரு பல்வைத்தியரையும் சம்பளத்துக்கு அமர்த்தியிருந்தது. அவ்வூரிலே சுரங்கத் தொழிலாளி ஒருவருக்கு மகனாகப் பிறந்து, பதின்மூன்று வயதில் தானும் சுரங்கத்தில் இறங்கியவர் அனியூரின் பெவன். 1945 இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்தபோது பிரதமர் அற்லி அவரையே சுகாதார அமைச்சராக்கினார்.

மூன்று கோடிப் பற்கள்

1948 ஆம் ஆண்டு யூலை 5 ஆம் நாள் தேசிய சுகாதார சேவை பிறந்தது. பிரித்தானியப் பல்வைத்தியர் சங்கம் தன் அங்கத்தவரை அதிற் சேர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டது. அரச ஊழியராக்கி விடுவார்களோ என்ற அச்சம் அவர்களுக்கு. எனினும் வாசலில் திரண்ட கூட்டத்தின் முன் அந்த வேண்டுகோள் நிலைக்கவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் பெரும்பாலானோர் சேவையில் இணைந்துவிட்டனர்.

திரண்ட கூட்டத்தின் அளவை எவரும் எதிர்பார்த்திருக்கவில்லை. முதலாண்டில் 80 இலட்சத்துக்கு மேற்பட்டோர் பற்சிகிச்சை பெற்றனர். முதல் ஒன்பது மாதங்களில் மட்டும் 3 கோடியே 30 இலட்சம் செயற்கைப் பற்கள் வழங்கப்பட்டன. பொய்ப்பல் கட்டக் காசில்லாமல் ஆண்டுக்கணக்கில் முரசினாலேயே மென்று உண்ட கிழவர்கள், வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சிரித்த தாய்மார்கள், ஒரு தலைமுறையின் சேர்த்துவைத்த வேதனை முழுவதும் ஒரே நாளில் வரிசைக்கு வந்தது. இதனை 'இலவசம் என்றதும் ஓடி வந்தார்கள்' என்று அன்றைய பத்திரிகைகள் சில ஏளனம் செய்தன. பசித்தவன் முன் சோற்றை வைத்துவிட்டு, ஏன் இவ்வளவு உண்கிறாய் என்று கேட்பதற்கு ஒப்பானது அது.

இங்குதான் நுணுக்கமான ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். குடும்ப வைத்தியருக்கு அவரிடம் பதிந்துள்ள நோயாளர் தொகைக்கேற்ப, தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்தது. நோயாளி ஒருமுறை வந்தாலும் பத்துமுறை வந்தாலும் ஊதியம் ஒன்றே. பல்வைத்தியருக்கோ வேலைக்கு இவ்வளவு என்று கொடுக்கப்பட்டது. ஓர் அடைப்புக்கு ஒரு விலை, ஒரு பிடுங்கலுக்கு ஒரு விலை, ஒரு பொய்ப்பற் தொகுதிக்கு ஒரு விலை. கணக்குகளைப் பரிசீலிப்பதற்கு ஈஸ்ற்போன் நகரில் ஒரு சபை இருந்தது. எனவே கூட்டம் பெருகப் பெருகப் பல்வைத்தியரின் வருமானமும் அரசின் செலவும் சேர்ந்தே ஏறின. நாள் முழுவதும் நின்று உழைத்த பல்வைத்தியர் சிலரின் வருமானம் பெரிய சத்திரசிகிச்சை நிபுணரின் வருமானத்தையும் மிஞ்சியது. திகைத்த அரசு 1949 இலும் 1950 இலும் அவர்களுக்கான கட்டணங்களை வெட்டியது.

செலவு ஏறும்; அரசு வெட்டும்; பல்வைத்தியர் மனங்கசப்பர். இந்த மூன்றடி நடனம் அன்று தொடங்கியது. பின்வரும் வரலாறு முழுவதும் இதே நடனந்தான்.

இன்னொரு துயரமும் நிகழ்ந்தது. பெவனின் சட்டம் பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மாருக்குமே பற்சிகிச்சையில் முன்னுரிமை அளித்திருந்தது. ஆனால் பாடசாலைகளில் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்த பல்வைத்தியர்கள், வெளியே கிடைத்த பெருவருமானத்தைக் கண்டு அப்பணியை விட்டு விலகத் தொடங்கினர். முன்னுரிமை சட்டத்தில் இருந்தது, வைத்தியர் இருக்கவில்லை.

அமைச்சரின் பதவி துறப்பு

1950 யூனில் கொரிய யுத்தம் மூண்டது. அமெரிக்காவின் பக்கம் நின்ற பிரித்தானியா, மூன்று ஆண்டுகளில் 470 கோடி பவுண் செலவிடும் படைப்பெருக்கத் திட்டமொன்றை அறிவித்தது. அப்பணத்தைத் தேட வேண்டிய பொறுப்பு நிதியமைச்சர் ஹியூ கெயிற்ஸ்கெலின் தலையில் விழுந்தது. அவர் தமது வரவு செலவுத் திட்டத்தில், பொய்ப்பற்களினதும் மூக்குக் கண்ணாடிகளினதும் விலையில் ஏறக்குறையப் பாதியை நோயாளியே செலுத்த வேண்டும் என்று முன்மொழிந்தார். முதலாண்டில் இதனால் மிச்சமாகக்கூடிய தொகை 1 கோடியே 30 இலட்சம் பவுண்.

470 கோடியையும் 1 கோடியே 30 இலட்சத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாசகர் பெவனின் சினத்தை விளங்கிக்கொள்வர். அப்போது அவர் தொழில் அமைச்சராக மாற்றப்பட்டிருந்தார். தொகையைப் பற்றியதாக அவர் வாதிடவில்லை. சேவை பெறும் இடத்தில் பணம் கேட்கக்கூடாது என்ற கொள்கையில் ஒரு விரிசல் விழுந்தால் அது எங்கே சென்று முடியும் என்பதே அவரது கேள்வி. ஏப்ரல் மாத இறுதிப் பகுதியில் அவர் பதவி துறந்தார். ஹரோல்ட் வில்சன், ஜோன் ஃபிறீமன் ஆகிய இருவரும் அவரைத் தொடர்ந்து விலகினர்.

கெயிற்ஸ்கெலைக் கொடியவராகக் காட்டுவது எளிது, ஆனால் நியாயமன்று. வரையறையற்றுப் பெருகும் செலவுக்கு ஓர் எல்லை வேண்டும் என்பது அவரது நேர்மையான நிலைப்பாடு. மருந்துச் சீட்டுக்குக் கட்டணம் அறவிட இடமளிக்கும் சட்டம் 1949 இல் நிறைவேறியபோது பெவனே சுகாதார அமைச்சராக இருந்தார் என்பதையும் மறைக்கலாகாது. அந்த அதிகாரத்தை அவர் பயன்படுத்தவில்லை என்பது வேறு. இருவருள் எவர் சரி என்பதைவிட, வெட்டு ஏன் பல்லின் மீது விழுந்தது என்பதே நமக்கு முக்கியம். இருதயநோயாளியிடம் பணம் கேட்க எந்த அரசியல்வாதியும் துணியார். பல்லுக்கொதியால் எவரும் இறப்பதில்லை என்ற எண்ணம், பல் என்பது அழகுக்கும் சிரிப்புக்கும் உரியது என்ற எண்ணம் மக்களிடமே இருந்தது. இன்றும் இருக்கின்றது, எம்மிடமும் இருக்கின்றது.

1951 ஒக்ரோபரில் தொழிற்கட்சி தேர்தலில் தோற்றது. வந்த கொன்சவேற்றிவ் அரசு, முன்னவர் திறந்து வைத்த வாசலூடாகவே நடந்தது. 1952 யூன் முதல் பொய்ப்பல்லுக்கு மட்டுமன்றிச் சாதாரண பற்சிகிச்சைக்கும் 1 பவுண் வரை கட்டணம் விதித்தது. 1951 இல் கொள்கைக்காகப் பதவி துறந்த வில்சன் 1964 இல் பிரதமரானார். 1965 இல் மருந்துச் சீட்டுக் கட்டணத்தை நீக்கினார். மூன்று ஆண்டுகளில் அதனை மீண்டும் கொண்டுவரவும் நேர்ந்தது. பற்சிகிச்சைக் கட்டணத்தை அவர் நீக்கவேயில்லை.

இவ்வளவு குறைகளுக்கிடையிலும் அச்சேவை சாதித்ததை மறுக்கவியலாது. 1968 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வளர்ந்தவர்களுள் 37 வீதத்தினர் ஓர் இயற்கைப் பல்லேனும் இல்லாதவர்கள். 1998 இல் பிரித்தானியா முழுவதிலும் அத்தொகை 13 வீதமாகக் குறைந்தது; 2009 இல் ஸ்கொட்லாந்து நீங்கலான பகுதிகளில் 6 வீதமாயிற்று. 1970 களில் பரவிய ஃபுளோரைட் பற்பசைக்கு இதிற் பெரும் பங்குண்டு. ஆயினும் மலிவாகவும் அருகிலும் கிடைத்த சிகிச்சை இல்லாமல் இம்மாற்றம் நிகழ்ந்திராது.

நாம் வந்த காலம்

1983 யூலைக்குப் பின் எம்மவர் இந்த நாட்டுக்குப் பெருந்தொகையில் வரத் தொடங்கினர். அவர்கள் வந்து சேர்ந்த காலமும் பல்வைத்தியர்கள் அரச சேவைக்குக் கதவடைக்கத் தொடங்கிய காலமும் ஒன்றாக அமைந்தன.

1980 களின் தட்சர் ஆட்சி, நோயாளி செலுத்தும் பங்கைப் படிப்படியாக உயர்த்தியது. 1989 ஜனவரி முதல், அதுவரை இலவசமாக இருந்த பற்பரிசோதனைக்கும் கட்டணம் வந்தது. 1990 களில் சிகிச்சைச் செலவின் 80 வீதத்தை நோயாளியே செலுத்தும் நிலை உருவாயிற்று. மறுபுறம், வேலைக்கேற்ற கூலி முறையில் தேவையற்ற சிகிச்சைகளும் செய்யப்படுகின்றன என்று 1986 இல் அரசின் விசாரணைக் குழுவொன்று அறிக்கையிட்டது. அதே 1986 இல், மாதாமாதம் ஒரு தொகை கட்டித் தனியார் சிகிச்சை பெறும் 'டென்பிளான்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. அரச சேவையிலிருந்து வெளியேற விரும்பிய பல்வைத்தியருக்கு அது ஒரு பாலமாயிற்று.

1990 ஒக்ரோபரில் புதிய ஒப்பந்தம் வந்தது. நோயாளர் பல்வைத்தியரிடம் பெயர் பதிந்துகொள்ளலாம். பதிவுக்கும் ஒரு கொடுப்பனவு உண்டு. பல்வைத்தியர்கள் ஊக்கத்துடன் உழைத்தனர். எதிர்பார்த்ததைவிட அதிகமானோர் பதிந்தனர், அதிக வேலை நடந்தது, செலவு ஏறியது. 1992 இல் அரசு கட்டணங்களை 7 வீதம் வெட்டியது. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய அதே நடனம். இம்முறை ஒரு வேறுபாடு: 1950 இல் வெளியேறினால் போவதற்கு இடமிருக்கவில்லை, ஏனெனில் தனியாருக்குப் பணம் கொடுக்கக்கூடிய மக்கள் குறைவு. 1992 இல் அந்த மக்கள் இருந்தனர். கட்டிடமும் கதிரையும் உபகரணமும் பல்வைத்தியரின் சொந்தச் சொத்து. அரசின் பெயரைக் கழற்றிவிட்டால் அவர் மறுநாளே தனியார். பலரும் வளர்ந்தவர்களை என்.எச்.எஸ். நோயாளராக ஏற்பதை நிறுத்தினர்.

இதை எழுதுபவன் அக்காலத்தில் இலண்டனுக்கு வந்தவன். ஒரு மாரிகால இரவில் தொடங்கிய பல்லுக்கொதிக்குக் கராம்புத் தைலம் வைத்துக்கொண்டு, மறுநாள் உறவினர் ஒருவர் துணையுடன் தொலைபேசிப் புத்தகத்தைப் பார்த்து ஒவ்வோர் இலக்கமாகச் சுழற்றியது நினைவில் உள்ளது. "புதியவர்களை எடுப்பதில்லை" என்ற வாக்கியத்தை விளங்கிக்கொள்ளும் அளவுக்கு ஆங்கிலம் அன்றே வந்துவிட்டது. ஈற்றில் மாணவர் பயிலும் போதனா வைத்தியசாலையொன்றில் அரைநாள் காத்திருந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். இரண்டு மாதம் முந்தியிருந்தால் அடைத்துக் காப்பாற்றியிருக்கக் கூடிய பல் என்று அங்கிருந்தவர் சொன்னார். பிறைவேற்றாகச் செய்வதாயின் அன்றைய எனது இரண்டு வாரச் சம்பளம் வேண்டும். ஆகவே அதைத் தெரிவு என்று சொல்ல என் நா எழவில்லை.

புள்ளிக் கணக்கு

1999 இல் போர்ண்மத் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் பிரதமர் ரொனி பிளேயர், இரண்டாண்டுகளில் விரும்பும் எவரும் என்.எச்.எஸ். பல்வைத்தியரைப் பெறலாம் என்று வாக்களித்தார். இரண்டாண்டு சென்றது, மேலும் இரண்டாண்டு சென்றது. 2004 பெப்ரவரியில் ஸ்காபரோவில் புதிய என்.எச்.எஸ். பல்வைத்தியர் ஒருவர் வந்திருக்கின்றார் என்று கேள்விப்பட்டு நூற்றுக்கணக்கானோர் வீதியில் வரிசையாக நின்ற படம் நாட்டையே வெட்கப்படுத்தியது. (ரொறன்ரோவில் எம்மவர் நிறைந்து வாழும் ஸ்காபரோ அன்று, இது வட இங்கிலாந்தின் கடற்கரைப் பட்டினம்.)

2006 ஏப்ரலில் மற்றுமொரு ஒப்பந்தம். நானூறுக்கு மேற்பட்ட சிகிச்சைக் கட்டணங்கள் மூன்றாகச் சுருக்கப்பட்டன. இங்கிலாந்தில் அன்று பரிசோதனைக்கு 15.50 பவுண், அடைப்பு, பிடுங்கல், வேர்ச்சிகிச்சை ஆகியவற்றுக்கு 42.40, முடி, பாலம், பொய்ப்பல் ஆகியவற்றுக்கு 189. முன்பு உச்சக் கட்டணம் 384 பவுணாக இருந்தமையால் நோயாளிக்கு இது நன்மையே. பாதகம் மறுபக்கத்தில் ஒளிந்திருந்தது. பல்வைத்தியருக்குப் புள்ளிக் கணக்கில் கொடுப்பனவு: முதலாம் பிரிவுக்கு 1 புள்ளி, இரண்டாம் பிரிவுக்கு 3, மூன்றாம் பிரிவுக்கு 12. ஒரு பல்லை அடைத்தாலும் 3 புள்ளி, ஆறு பற்களை அடைத்தாலும் 3 புள்ளி. ஆண்டுக்குரிய புள்ளிகள் குறைந்தால் அரசு பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

இதன் பொருளை எமது நிலையில் வைத்துப் பார்க்க வேண்டும். முகாம்களிலும் இடப்பெயர்விலும் ஆண்டுகளைக் கழித்து, வாய் நிறையச் சூத்தைப் பற்களோடு வந்து சேரும் அகதியொருவர் பல்வைத்தியரின் கணக்கில் நட்டம். ஒழுங்காகப் பல் பேணி ஆண்டுதோறும் வந்து போகும் வசதியுள்ளவர் இலாபம். எவரும் தீய எண்ணத்துடன் இதை வகுக்கவில்லை. ஆனால் அதிக நோயுள்ளவரை ஒதுக்குவதற்கு இதைவிடச் சிறந்த முறையை எண்ணி வகுப்பதும் கடினம். 2005 டிசெம்பருக்கும் 2007 டிசெம்பருக்கும் இடையில் என்.எச்.எஸ். பல்வைத்தியரைக் கண்டவர் தொகை 9 இலட்சத்தால் குறைந்தது. 2008 இல் பாராளுமன்றச் சுகாதாரக் குழுவே இவ்வொப்பந்தத்தைக் கடுமையாக விமர்சித்தது. எனினும் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பற்களுக்குச் சிகிச்சை செய்தால் 5 புள்ளி என்ற திருத்தம் வர 2022 நவம்பர் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

அதற்கிடையில் கொரோனாத் தொற்று வந்து 2020 மார்ச் இறுதி முதல் யூன் 8 வரை சாதாரண பற்சிகிச்சை அனைத்தும் நின்றது. 2022 ஆகஸ்டில் பி.பி.சி. மேற்கொண்ட விசாரணையில், பத்துக்கு ஒன்பது நிலையங்கள் வளர்ந்தவர்களைப் புதிய என்.எச்.எஸ். நோயாளராக ஏற்பதில்லை என்று தெரியவந்தது. 2024 பெப்ரவரியில் பிறிஸ்ரல் நகரின் சென் போல்ஸ் பகுதியில், பல்லின மக்கள் செறிந்து வாழும் அந்த இடத்தில், மீளத் திறந்த ஒரு நிலையத்தின் முன் திரண்ட வரிசையை ஒழுங்குபடுத்தப் பொலிசார் வந்தனர். ஸ்காபரோ படத்துக்கும் இதற்கும் சரியாக இருபது ஆண்டுகள்.

அதே 2024 இன் தொடக்கத்தில் இன்னொன்றும் நடந்தது. புகலிடம் கோரும் இளைஞரின் வயதைக் கணிக்க அவர்களது ஞானப்பற்களை எக்ஸ்ரே எடுப்பதற்கு இடமளிக்கும் ஒழுங்குவிதிகள் ஜனவரியில் நடைமுறைக்கு வந்தன. இம்முறை நம்பத்தக்கதன்று எனப் பிரித்தானியப் பல்வைத்தியர் சங்கம் எதிர்த்தது. அகதியின் பல்லைக் குணமாக்க ஆள் கிடையாது. அளந்து பார்க்க மட்டும் ஆள் தேடியது அரசு.

எதைத் தெரிவது?

2025 ஏப்ரலில் இங்கிலாந்தில் நிர்ணயிக்கப்பட்ட கட்டணங்கள் 27.40, 75.30, 326.70 பவுண். ஸ்கொட்லாந்தில் பரிசோதனை 2006 முதலே இலவசம். தனியாருக்கோ நிர்ணயம் எதுவும் இல்லை. அவரவர் விதிப்பதே விலை.

தனியார் சிகிச்சை உயர்ந்தது என்ற நம்பிக்கை எம்மிடையே ஆழமானது. ஊரில் பெரியாஸ்பத்திரிக்குப் போவதைவிட அதே டொக்டரின் வீட்டுக்குப் பின்னேரத்தில் போய்க் காட்டுவதே கௌரவம் என்று பழகிய சமூகம் நாம். இங்கும் பெரும்பாலான நிலையங்களில் அதே பல்வைத்தியரே, அதே கதிரையில், இரு கணக்குகளிலும் வேலை செய்கின்றார். தனியாருக்குச் சென்றால் நேரம் கூடக் கிடைக்கும். கடைவாய்ப் பல்லுக்கு வெள்ளை அடைப்புப் போன்ற தெரிவுகளும் எலும்பில் பதிக்கும் பற்களும் கிடைக்கும். பணமுள்ளவர் அவற்றை வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் பல்லின் நலத்துக்கு அவசியமான எச்சிகிச்சையையும் என்.எச்.எஸ். நோயாளிக்கு அக்கட்டணத்திலேயே செய்ய வேண்டும் என்பதே விதி. வேர்ச்சிகிச்சை என்.எச்.எஸ்ஸில் 'கிடையாது' என்று சொல்லிப் பல நூறு பவுண் பெற்ற கதைகளை எம்மவரிடம் நிறையக் கேட்டிருக்கின்றேன். ஒரே நோயாளிக்கு இரண்டையும் கலந்து செய்ய விதி இடமளிக்கின்றது. உள்ளதை இல்லையென்று சொல்ல இடமளிக்கவில்லை. எது என்.எச்.எஸ்., எது தனியார், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு என்று எழுத்தில் தரும்படி கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டு. கேட்க வெட்கப்படுபவர்கள் பிள்ளைகளைக் கொண்டாவது கேட்பிக்கலாம்.

2006 ஒப்பந்தத்தோடு பழைய பதிவு முறை ஒழிந்துவிட்டது என்பதும் பலருக்குத் தெரியாது. வசிக்கும் பகுதியில்தான் பல்வைத்தியரைத் தேட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரண்டு ஊர் தள்ளி இடம் இருந்தால் அங்கும் செல்லலாம். எல்லோரும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க வேண்டும் என்பதும் விதியன்று. 2004 இல் வெளியான தேசிய வழிகாட்டலின்படி, பல்லின் நிலையைப் பொறுத்து வளர்ந்தவருக்கு அது மூன்று மாதத்திலிருந்து இரண்டு ஆண்டு வரை வேறுபடலாம்.

பதினெட்டு வயதுக்குட்பட்டோர், கருவுற்ற பெண்கள், பிள்ளை பெற்று 12 மாதம் நிறையாத தாய்மார் ஆகியோரிடம் கட்டணம் அறவிடுவதில்லை. புகலிடம் கோரி அரச உதவியில் வாழ்வோருக்கும், எச்.சி.1 படிவம் நிரப்பி வருமானம் குறைவென நிறுவியோருக்கும் எச்.சி.2 என்ற சான்றிதழ் வழங்கப்படுகின்றது. அது கையில் இருந்தால் என்.எச்.எஸ். பற்சிகிச்சை இலவசம். உரிமை இல்லாமல் இலவசம் என்று கையெழுத்திட்டால் கட்டணத்தோடு 100 பவுண் வரை தண்டமும் வரும்; ஆகவே படிவத்தை வாசியாமல் கையெழுத்திடக் கூடாது. சான்றிதழுக்கு உரித்திருந்தும் பணம் கட்டிவிட்டவர்கள் மூன்று மாதத்துக்குள் எச்.சி.5 படிவத்தின் மூலம் அதைத் திரும்பப் பெறலாம். அதற்குப் பல்வைத்தியரின் பற்றுச்சீட்டு வேண்டும். பணம் கட்டிய அன்றே கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.